கிளட்ச் மிதித்த கால்

2007 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. காலையிலிருந்து பார்த்த கால்கள் அறுபத்து மூன்று. வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். கணக்கு இடிக்கிறதே என்று கேட்பீர்கள், மாமா. ஒருவர் ஒரு காலைத்தான் காட்டினார். இன்னொரு கால் அவருக்கு இருக்கிறது. என்னிடம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

வேப்பந்தட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் சர்க்கரை நோயாளிகளுக்கு முகாம். எல்லாரும் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, மிஞ்சிய படிவங்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். அந்த ஒற்றைக்கால் ஆசாமி அரும்பாவூர்க்காரர், லாரி டிரைவர். அவர் உள்ளே வரும்போதே டீசலும் சூடான ரப்பரும் வியர்வையும் சேர்ந்த வாசனை வந்தது. உங்கள் காக்கிச் சட்டை கொடியில் தொங்கினால் வீடு முழுக்க அடிக்குமே, அதே வாசனை. எனக்குக் கண் கலங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"இடது காலையும் வைங்க."

"அது நல்லாத்தான் சார் இருக்கு."

"நல்லாருக்கா இல்லையான்னு நான் சொல்றேன். வைங்க."

"இந்தக் காலப் பாருங்க சார். இதுதான் கொஞ்சம் மதமதன்னு கெடக்கு."

"ஏங்க, ஒளிச்சு வெக்கிறதுக்கா கேம்புக்கு வந்தீங்க?"

சத்தம் கூடிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து, "ஒரு டீ குடிச்சுட்டு வந்துர்றேன் சார்" என்றார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. டீக்கடை எதிரில்தான் இருந்தது. நானும் எழுந்து போகவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நீங்களும் என்னிடம் இப்படித்தான் ஒளித்தீர்கள். பத்தொன்பது நாள்.

1995இல் நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அரியலூருக்குக் கூட்டிப்போனபோது நான் பத்தாம் வகுப்பு. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் லாரி உங்களுடையது. உங்களுடையது என்றால் நீங்கள் ஓட்டியது. முதலாளி வேறு ஆள். ஆனால் வண்டியைப் பற்றி நீங்கள் பேசினால் கேட்கிறவனுக்கு அது சொந்த வண்டி என்றுதான் தோன்றும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போன அன்று என் பெட்டியையும் பாயையும் அந்த லாரியில்தான் ஏற்றினீர்கள். செருப்புக் காலோடு ஏறப்போன என்னை அப்படியே பிடித்து நிறுத்தினீர்கள். "ஏய், செருப்பு! செருப்பு! கோயிலுக்குள்ள இப்படித்தான் போவியா?" கழற்றி, ஸீட்டுக்குப் பின்னால் செருகினேன். உங்கள் செருப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் சாமி படம், காய்ந்த எலுமிச்சம்பழம். அதன் பிறகு எத்தனையோ தடவை உங்களோடு வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் செருப்பை நானேதான் கழற்றியிருக்கிறேன். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நான் மூன்றாம் ஆண்டு. "ரேடியேட்டர் மாதிரி தண்ணி குடிக்கிறேன் மாப்ள, எங்க ஒழுகுதுன்னுதான் தெரியல" என்று போனில் சிரித்தீர்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒழுங்காகத்தான் சாப்பிட்டீர்கள். யாரும் உங்கள் காலைப் பார்க்கவில்லை. நான் பெரம்பலூரில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்த பிறகும் இதுதான் நிலை. சர்க்கரை நோயாளி வந்தால் ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். காலைப் பார்க்கலாமே என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "வெளியில தொண்ணூறு பேர் நிக்கிறாங்க. நீ காலப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா சீட்டு யாரு எழுதுறது?" என்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வரிசையில் நிற்கிறார்கள். குனிந்தால் தெரிகிற புண். குனிய யாருக்கும் நேரமில்லை.

2005 ஜூனில் ஒரு பயிற்சிக்குப் போய்க் கால் பரிசோதனையை முறையாகக் கற்றுக்கொண்டு வந்தேன். ஒரு நைலான் இழை, ஓர் இசைக்கவை, ஒரு பக்கப் படிவம். அவ்வளவுதான் சாமான். அடுத்த ஞாயிறே அரியலூருக்கு வந்தேன். முதல் ஆள் நீங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உங்களை உட்காரவைத்து, எதிரே ஸ்டூல் போட்டுக் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். நான் தரையில் உட்கார்ந்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள்.

"என்ன மாப்ள, கால்ல விழுறியா? பொண்ணு கிண்ணு பாத்துருக்கியா? நல்லாரு, நல்லாரு."

"கால நீட்டுங்க மாமா. நேரமில்ல."

"ஆறு வருசம் படிச்சது இந்தக் காலப் பாக்கத்தானா? இத உங்கக்கா தெனம் பாக்குறா, சும்மாவே."

அக்கா அடுப்படியிலிருந்து, "நான் ஏன் பாக்குறேன்? அது இருக்கிற இருப்புக்கு" என்றாள்.

விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். சுண்ணாம்புத் தூசு. புண் இல்லை. குதிகால் வெடிப்பு, ஆழமில்லை. புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டேன். பாதத்தின் மேல் நாடி பிடித்தேன், துடித்தது. பிறகு கண்ணை மூடச் சொன்னேன். நைலான் இழையால் ஒவ்வோர் இடமாக, இழை வளையும் அளவுக்குத் தொடுவேன். தொட்டது தெரிந்தால் "ஆமா" சொல்ல வேண்டும். வலது காலில் பத்து இடத்தில் ஏழு சரி. இடது காலுக்கு வந்ததும் நான் தொடுகிற இடத்தில் பேசாமல் இருந்தீர்கள். தொடாமல் இழையை அந்தரத்தில் பிடித்திருந்தபோது "ஆமா, ஆமா" என்றீர்கள். என் வாச்சில் முள் நகரும் சத்தத்தை வைத்து உத்தேசமாகச் சொல்லியிருக்கிறீர்கள். பிடிபட்டதும் ஒரு கண்ணைத் திறந்து சிரித்தீர்கள்.

"பரிச்சைன்னா கொஞ்சம் காப்பியடிக்கத்தான மாப்ள செய்வாங்க."

நான் சிரிக்கவில்லை. இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன். நிற்கும்வரை காத்திருந்தேன். "அதிருதா?" என்றேன். "எது?" என்று கேட்டீர்கள்.

"உங்க எடது கால் செத்துக்கிட்டிருக்கு மாமா. ஆணி ஏறினாலும் தெரியாது. நெருப்பு வெச்சாலும் தெரியாது" என்றேன். அப்படியே, அந்த வார்த்தைகளில்தான். அக்கா கரண்டியோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஒரு தாளில் விதிகளை எழுதினேன். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வீட்டுக்குள்ளேயும் செருப்பு. தினம் அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வெந்நீரில் கால் விடக்கூடாது. கொப்புளம் வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும்.

"வூட்டுக்குள்ள செருப்பா? சாமி படம் இருக்குடா" என்றாள் அக்கா.

"சாமி ஒண்ணும் சொல்லாது. சீழ் வெச்சா நாந்தான் சொல்லணும்."

அரை மணி நேரம் அவளோடு சண்டை போட்டேன். ஜெயித்தேன். வீட்டுக்குள் போட ஒன்று, வெளியே போட ஒன்று என்று இரண்டு ஜோடி மெத்தென்ற செருப்புகளை நானே கொண்டுவந்திருந்தேன். கறுப்பு ரப்பர், பின்னால் வார் வைத்தது. தொழுநோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் செருப்பு போலவே இருக்கும். லாரி ஷெட்டில் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பெரு வியாதியா?" என்று உங்களைக் கேலி செய்தார்களாம். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று பிறகு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். "எங்க டாக்டர் குடுத்தது. ஒனக்கு எவனாவது குடுத்தானா?" என்று கேட்டீர்களாம்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'காலணி: பொருத்தமானது' என்று டிக் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள், அடுத்தது நடந்தது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

லாரியின் ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. மாற்றுவதற்குப் பெரம்பலூர் பட்டறைக்கு வெறும் வண்டியாக ஓட்டிக்கொண்டு போனீர்கள். பஸ்ஸுக்கு நிற்காதே, ஏறு என்றீர்கள். புதுச் செருப்போடு வாசல்வரை வந்தீர்கள். அதைக் கழற்றி, ஸீட்டுக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிவிட்டு ஏறினீர்கள். நானும் என் செருப்பைக் கழற்றிச் செருகிவிட்டு ஏறினேன். நமக்கு நடுவில் இன்ஜினை மூடிய இரும்புப் பெட்டி. ஜூன் மாத வெயில். குன்னம் தாண்டுவதற்குள் என் உள்ளங்கால் பொறுக்கவில்லை. காலைத் தூக்கினேன். கீழே கிடந்த கோணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

"என்ன மாமா, அடுப்புல வெச்ச மாதிரி கொதிக்குது?"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலயே. பழகிருச்சு."

உங்கள் இடது கால் கிளட்சை விட்டு எடுக்கும்போதெல்லாம் அந்த இரும்புப் பெட்டியில் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. சுண்டுவிரல் பக்கம் முழுக்க அதில் ஒட்டி இருந்தது. பார்த்தேன், மாமா. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. உங்களிடம் பெரிய டாக்டரைத் திட்டிப் பேசிக்கொண்டே பார்த்தேன். 'உணர்வு இல்லை' என்று நானே எழுதிய படிவம் என் பைக்குள் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் என்னிடம் வாயைத் திறந்து சொன்னீர்கள். எந்த நோயாளியும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நான் பேச்சைத் தொடர்ந்தேன். பெரம்பலூர் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன்.

ஆகஸ்டில் கொப்புளம் வந்திருக்கிறது. நீங்களே ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, மஞ்சளைக் குழைத்துப் போட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். அக்கா எனக்குப் போன் பண்ணப் போனபோது, "வேணாம், அவன் கத்துவான். ஆறட்டும், அப்பறம் சொல்லலாம்" என்று தடுத்திருக்கிறீர்கள். பத்தொன்பதாவது நாள் குளிர் காய்ச்சலோடு பெரம்பலூருக்கு வந்தீர்கள். துணியைப் பிரிக்கும் முன்பே நாற்றம் தெரிந்தது. நீங்கள் எதிர்பார்த்ததைத்தான் செய்தேன். "மூளை இருக்கா உங்களுக்கு? எழுதிக் குடுத்தேன்ல? படிக்கத் தெரியாதா?" வெளியே நின்ற தொண்ணூறு பேருக்கும் கேட்டது. நீங்கள் பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"பாதி கால் விட்டா போதும் மாப்ள. குதிகால் இருந்தாக்கூட கிளட்ச் மிதிச்சுருவேன். சொல்லிப் பாரேன்."

"கிளட்ச்ச மறந்துருங்க. உசுரு இருந்தாப் போதும்."

"அது ரெண்டும் வேற வேறயா மாப்ள?"

நான் வேறு கேட்டேன். "எங்க சுட்டுச்சு? செருப்பு போட்டீங்களா இல்லையா?"

"உன் மேல சத்தியமா போட்டிருந்தேன். வூட்ல, ஷெட்ல, கக்கூஸ்ல கூட. ஒரு நாள் தவறல. வண்டில மட்டும்தான்..."

"வண்டில?"

"வண்டில எப்படி மாப்ள செருப்பு போடுறது?"

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தீர்கள். அப்போதுதான் எனக்குக் கோணி ஞாபகம் வந்தது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. வீட்டுச் சாமியோடு அரை மணி நேரம் சண்டை போட்டவனுக்கு லாரிச் சாமி நினைவில் வரவே இல்லை. ஏனென்றால் அந்தச் சாமிக்கு நானும்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழக்கம் என் காலிலும் இருந்தது. நோயாளியின் பழக்கத்தை டாக்டர் கேட்கலாம். தன்னுடைய பழக்கத்தை யார் கேட்பார்கள்?

அதை உங்களிடம் சொல்லவில்லை. காலை எடுத்தார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வண்டி வேறு டிரைவர் கைக்குப் போனது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னீர்கள். வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எல்லாரும் பொரி வாங்கப் போனபோது, "ஒரு தடவை ஏத்தி விடு மாப்ள" என்றீர்கள். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைக் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினீர்கள். எனக்குத் தலைக்கேறியது. "இன்னும் புத்தி வரலையா? இந்தக் காலையும் குடுக்கணுமா?" என்று கத்தினேன். பொரி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் கோபப்படவில்லை. உள்ளே உட்கார்ந்து, இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"ஓடாத வண்டி மாப்ள. சில்லுனு இருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது.

பிறகு ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள். "அன்னைக்கு நீ காலத் தூக்கிக் கோணி மேல வெச்சியே, பட்டை மாத்தப் போனப்ப. அப்பவே எனக்குத் தோணிருக்கணும். தோணல. இதெல்லாம் உங்கக்காகிட்ட சொல்லிக்கிட்டிருக்காத. தம்பி தம்பின்னு கெடக்கா. அப்படியே இருக்கட்டும்."

ஆக, உங்களுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தோன்றியிருக்க வேண்டியது உங்களுக்கு இல்லை, எனக்கு என்று சொல்ல ஐந்து நொடி போதும். பொரியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் உங்களை இறக்கிவிட்டேன்.

அடுத்த மாதமே மாரடைப்பு. நாற்பத்து நான்கு வயசு. எழவு வீட்டில், "டாக்டர் மச்சான் இருந்தும் என்ன" என்று யாரோ என் காதுபடச் சொன்னார்கள். அக்கா விடவில்லை. மாரில் அடித்துக்கொண்டே அந்த ஆளுக்குப் பதில் சொன்னாள். "என் தம்பி தாள்ல எழுதிக் குடுத்தான். செருப்பு வாங்கிக் குடுத்தான். இந்த மனுசந்தான் ஒரு சொல்லு கேக்கல." இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும். உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போதும் அதைச் சொல்லித்தான் உங்களைத் திட்டுகிறாள். "சொன்ன பேச்சு கேட்ருந்தா இன்னைக்கு உக்காந்து சோறு தின்னுருப்பல்ல." நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். நாலு மாதமாகத் தின்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பத்தொன்பது நாள் ஒளித்தது தப்பு. ஆனால் என் வாய்க்குப் பயந்துதான் ஒளித்தீர்கள். எனக்காக உண்மையை மறைக்கச் சொன்னீர்களே, அது அதைவிடத் தப்பு. நீங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சொன்ன விதியையெல்லாம் ஒரு நாள் தவறாமல் செய்த மனிதனுக்கு, செத்த பிறகு அடங்காதவன் என்று பெயர். அவர் பெண்டாட்டியே வைத்த பெயர். அதை மாற்றக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். இன்று அரும்பாவூர்க்காரர் எழுந்து போனபோது எனக்கு இதுதான் புரிந்தது: அவர் மனைவியும் நாளைக்கு இதையேதான் சொல்வாள். கேம்ப்ல டாக்டர் சொன்னாரு, இந்த மனுசன் கேக்கல.

மணி மூன்று இருபது. செய்ய வேண்டியவை:

1. அடுத்த பஸ்ஸில் அரும்பாவூர். படிவத்தில் ஊரும் பேரும் இருக்கிறது, விசாரித்தால் வீடு தெரியும். அந்த இடது காலைப் பார்ப்பது. கத்தாமல் பார்ப்பது. கத்தியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்பது.

2. படிவத்தில் 'காலணி' கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்ப்பது: செருப்பை எங்கெங்கே கழற்றுவீர்கள்? பெரிய டாக்டர் அச்சடிக்க மாட்டார். கையால் எழுதிக்கொள்ளலாம்.

3. அடுத்த ஞாயிறு, இழையும் இசைக்கவையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஷெட்டுக்குப் போவது. டிரைவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்ப்பதில்லை. கேபினுக்குள் ஏறி, ஓடுகிற வண்டியில், கால் எங்கே சாய்கிறது என்று பார்ப்பது. தடித்த சாக்ஸோ, இரும்பின் மேல் மரப்பலகையோ, சாமிக்கும் காலுக்கும் ஒத்துவருகிற ஏதாவது ஒன்றை அவர்களையே கேட்டு முடிவு செய்வது.

4. அன்று ஷெட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், சாப்பிட உட்காரும் முன், அக்காவிடம் சொல்வது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அந்தப் பேச்சை மீறுகிறேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மாமா எல்லாத்தையும் கேட்டாரு, அக்கா. வண்டில கொதிக்குதுன்னு நான் காலத் தூக்கிக்கிட்டேன். தெரியலன்னு அவர் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

5. அவள் திட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது. வாச்சைப் பார்க்காமல்.